சென்னையில் நாலு பேரோடு பழக இடம் தேடுகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்க்கலாம்

வேலைக்காகச் சென்னை வந்து ஒரு வருடம் ஆகியும் ஆபீஸ், ரூம், சூப்பர் மார்க்கெட் இந்த மூன்றைத் தாண்டாதவர்களை நிறையப் பார்க்கிறேன். கேட்டால், "மால் விட்டா பீச், பீச் விட்டா மால். வேற என்ன இருக்கு இந்த ஊர்ல?" என்பார்கள். ஏகப்பட்டது இருக்கிறது. தேடுகிற முறையில்தான் கோளாறு.

பெரிய கோளாறு, இடத்தைத் தேடுவது. மொபைலில் மேப்பைத் திறந்து, நட்சத்திரம் அதிகம் வாங்கிய இடமாகப் பார்த்துப் போகிறார்கள். அந்த நட்சத்திரமெல்லாம் ஏசிக்கும் பார்க்கிங்குக்கும் கேக்குக்கும் விழுந்தவை. போய் உட்கார்ந்தால் சுற்றிலும் லேப்டாப், காதில் ஹெட்போன். பில்லைக் கொடுத்துவிட்டு, போன மாதிரியே திரும்ப வேண்டியதுதான். சென்னையில் தேட வேண்டியது வேளையை. மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்கா மற்ற நாட்களில் நடைப்பயிற்சிக்காரர்களின் ராஜ்யம். மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் அங்கேயே சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்து பாடுவார்கள். கேட்க டிக்கெட்டும் கிடையாது, பட்டுப்புடவையும் வேண்டாம். மெரினாவும் அப்படித்தான். மாலை ஆறு மணிக்குப் போனால் கூட்டத்தில் நீங்கள் யாரோ. காலை ஐந்தரைக்குத் தினமும் போனால், இரண்டாவது வாரமே எதிரில் வருகிறவர் தலையசைப்பார். இந்த ஊரில் பழக்கம் அந்தத் தலையசைப்பில்தான் ஆரம்பிக்கிறது.

வேளையைக் கண்டுபிடிப்பது எப்படி? இன்னமும் காகிதம்தான் நல்ல வழி. தமிழ் நாளிதழ்களின் சென்னைப் பதிப்பில் ஒரு மூலையில் அன்றைய நிகழ்ச்சிகளைப் பொடி எழுத்தில் போடுவார்கள். மயிலாப்பூர் போன்ற பகுதிகளுக்கு வீடு தேடி வரும் இலவச வாரப் பத்திரிகைகள் உண்டு. பலர் அதைப் பிரிக்காமலே பழைய பேப்பரில் சேர்த்துவிடுகிறார்கள். புத்தகக் கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் நோட்டீஸையும் நின்று படியுங்கள். ஆகஸ்ட் மாதம் வந்தால் தேடவே வேண்டாம். 22ஆம் தேதி மெட்ராஸ் தினம். அதையொட்டி ஊர் முழுக்கப் பாரம்பரிய நடைகளும் பேச்சுகளும் நடக்கும். நிறைய நிகழ்ச்சிகளுக்குக் கட்டணம் கிடையாது.

அடுத்த தவறைக் கூட்டங்களில் கண்கூடாகப் பார்க்கலாம். அண்ணா சாலையில் தேவநேயப் பாவாணர் நூலகம் இருக்கிறதே, பழைய ஆட்கள் எல்.எல்.ஏ. பில்டிங் என்பார்கள், அதன் அரங்கில் எத்தனையோ வருடங்களாகப் புத்தக வெளியீடுகளும் இலக்கியக் கூட்டங்களும் நடந்து வருகின்றன. அழைப்பிதழில் மாலை ஐந்தரை என்று போட்டிருக்கும். ஐந்தரைக்குப் போனால் மைக் செட்காரர் மட்டும் "ஹலோ, ஹலோ" சொல்லிக்கொண்டிருப்பார். புதிதாக வந்தவர் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, தேதியை மாற்றிப் படித்துவிட்டோமோ என்று கிளம்பிவிடுவார். ஆனால் கூட்டம் தொடங்கும் வரை கிடைக்கிற அந்த முக்கால் மணி நேரம்தான் அந்த இடத்தின் உயிரே. வெளியே இருக்கிற டீக்கடையைச் சுற்றி நாலு பேர் நிற்பார்கள். அதில் ஒருவர் அன்றைக்கு மேடையில் பேசப்போகிறவராக இருப்பார். பக்கத்தில் போய் ஒரு டீ சொன்னால் போதும், "தம்பி எதுல இருக்கீங்க?" என்று அவரே ஆரம்பிப்பார். உள்ளே நடக்கிற வாழ்த்துரை, ஏற்புரை எல்லாம் சமயத்தில் கொட்டாவி வரவழைக்கும். முடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடாதீர்கள். நன்றியுரைக்குப் பிறகு வாசல் படியில் அரை மணி நேரம் நடக்கிற பேச்சு, மேடையில் கேட்டதைவிட எப்போதும் நன்றாக இருக்கும்.

இதற்கு எதிர்த் தவறு கர்நாடக சங்கீதக் கச்சேரி நடத்தும் சபாக்களில் நடக்கிறது. "எனக்கு ராகம் தாளம் தெரியாது, உள்ளே விடுவார்களா?" என்ற பயம். மார்கழி சீசனில் பெரிய வித்வான்களின் மாலைக் கச்சேரிக்குத்தான் டிக்கெட். பல சபாக்களில் காலை, மதிய நிகழ்ச்சிகளுக்கு யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். பாடுகிற இளைஞருக்கு ஒரு ஆள் கூடினால் சந்தோஷம்தான். சபா கேன்டீனுக்குக் கச்சேரி டிக்கெட் தேவையே இல்லை என்பது சென்னையிலேயே பிறந்த பலருக்குத் தெரியாது. சுற்றிலும் எல்லாரும் மெத்தப் படித்த ரசிகர்கள் என்றும் நினைக்க வேண்டாம். பாட்டு நின்று மிருதங்கம் மட்டும் முழங்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதிப் பேர் காபிக்கு எழுந்து போவதைப் பார்த்தால் உங்கள் பயம் தானாகத் தெளியும். நீங்கள் எழாமல் உட்கார்ந்திருங்கள், மிருதங்கக்காரர் வாழ்த்துவார்.

கூவத்துக்குத் தெற்கேதான் ஊர் இருக்கிறது என்று நினைப்பது இன்னொன்று. இதில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. 'சென்னையில் போக வேண்டிய இடங்கள்' என்று யார் பட்டியல் போட்டாலும் பெசன்ட் நகரில் ஆரம்பித்து நுங்கம்பாக்கத்தில் முடித்துவிடுகிறார்கள். ஆனால் முன்பின் தெரியாதவரைப் பக்கத்தில் உட்காரவைக்கும் வழக்கம் வடசென்னைத் தெருக்களில்தான் அதிகம். கேரமில் இரண்டு முறை உலகச் சாம்பியனாகி 1996இல் அர்ஜுனா விருது வாங்கிய மரிய இருதயம் சென்னைக்காரர். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பை கேரமில் மூன்று தங்கம் வென்ற காசிமா வடசென்னைப் பெண். இப்படிப்பட்டவர்களை உருவாக்கியவை பெரிய ஸ்டேடியங்கள் இல்லை; ஒரு குண்டு பல்ப் தொங்கும் கேரம் கிளப்புகள். ஆட்டம் பெரும்பாலும் ஜோடி ஆட்டம். தோற்ற ஜோடி எழுந்துகொள்ள வேண்டும், நிற்கிறவர்கள் உட்காரலாம். நீங்கள் யார், எங்கே வேலை என்று யாரும் கேட்கமாட்டார்கள். சிவப்பைப் போட்டுவிட்டு ஃபாலோ, அதாவது அதைத் தொடர்ந்து விழ வேண்டிய காய், போடத் தவறினால் மட்டும் சுற்றி நிற்கிற எல்லாரும் உரிமையோடு திட்டுவார்கள். அந்தத் திட்டு விழுந்துவிட்டால் நீங்கள் கிளப் ஆள். போவதற்கு முன் செய்யக்கூடாதது ஒன்றுதான்: ஏதோ சுற்றுலா வந்தமாதிரி கேமராவைத் தூக்கிக்கொண்டு நுழைவது. தெருமுனைப் படிப்பகங்களும் இதே வகை. கட்சிக் கொடி பறக்கிறதே என்று தயங்க வேண்டாம், காலையில் பேப்பர் படிக்க வருகிறவரிடம் யாரும் உறுப்பினர் அட்டை கேட்பதில்லை.

நூலகம் என்றால் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு என்று ஒதுங்குவதும் வீண். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010இல் திறந்தது. அதில் சொந்தப் புத்தகத்தோடு வந்து படிப்பதற்கென்றே தனிப் பகுதி உண்டு, பிரெயில் நூல்களுக்குத் தனிப் பிரிவு உண்டு, குழந்தைகளுக்கு ஒரு மாடியே உண்டு. கொளத்தூரில் 2024இல் முதல்வர் படைப்பகம் வந்திருக்கிறது. வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்கள் சொற்பக் கட்டணத்தில் மேசை பிடிக்கலாம்.

எல்லாருக்கும் திறந்த இடம் என்று போர்டில் இருப்பதை அப்படியே நம்பிப் போவதும் தவறுதான். சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் கடலருகே போக மெரினாவில் 2022 நவம்பரில் நிரந்தர மரப்பாதை திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது, பிறகு சரிசெய்தார்கள். ஆக, போன வருடம் இருந்த வசதி இந்த வாரம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது. போனில் கேட்கும்போது "வசதியெல்லாம் இருக்கா?" என்று கேட்டால் "எல்லாம் இருக்கு, வாங்க" என்றுதான் பதில் வரும். "வாசல்ல எத்தனை படி? லிஃப்ட் ஓடுதா? லேடீஸ் டாய்லெட் எந்த மாடியில? சாவி யார்கிட்ட இருக்கு?" என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குச் சிரிக்காதீர்கள், இந்த ஊரில் அது நியாயமான கேள்வி. தனியாகப் போகிற பெண்கள், நிகழ்ச்சி முடிகிற நேரத்தையும் திரும்பி வரும் பஸ்ஸையும் முன்னாலேயே பார்த்துக்கொள்வது உத்தமம். எட்டரைக்கு முடியும் என்று அழைப்பிதழ் சொன்னால் ஒன்பதே காலுக்கு முடியும்.

சிரித்து வரவேற்கிற எல்லாரையும் ஒரே தராசில் நிறுக்கவும் முடியாது. சென்னையில் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி "சொந்த ஊர் எது?" பெரும்பாலும் அது வெறும் பேச்சுத் துவக்கம். ஊரைத் தாண்டி எந்தத் தெரு, எந்தக் கோயில், அப்பா பேர் என்ன என்று கேள்வி இறங்க ஆரம்பித்தால் அது எங்கே போகிறது என்று நமக்குத் தெரியாதா என்ன. மரியாதைக்காக அங்கே உட்கார்ந்து பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டிய கட்டாயமில்லை. அதேசமயம், ஒரே ஒரு ஆளை வைத்து இடத்தையே வெட்டிவிடவும் வேண்டாம். வேறு வாரம், வேறு நாற்காலி என்று இன்னொரு முறை பார்க்கலாம். அப்போதும் சரிப்படாவிட்டால் விட்டுவிடுங்கள், ஊரில் இடத்துக்கா பஞ்சம்?

கூட வேலை பார்க்கிறவர்கள் ஆறேழு பேராகத் திரண்டு போவது வேறு வகைச் சிக்கல். அவர்கள் தங்களுக்குள்ளேயே பேசிக்கொள்வார்கள், மற்றவர்கள் ஒதுங்கிப்போவார்கள். தனியாகவோ இன்னொருவரோடோ போனால்தான் நம்மிடம் யாராவது வாய் திறப்பார்கள்.

பேசவே கூச்சப்படுகிறவர்கள், பேச்சு நடக்கிற இடங்களாகப் பார்த்துப் போய்ப் பாடுபட வேண்டாம். கையில் ஒரு வேலையைக் கொடுக்கிற இடத்துக்குப் போங்கள். பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி) முட்டையிடக் கரையேறும் பருவத்தில், மாணவர்களின் கடலாமைப் பாதுகாப்புக் குழு 1988 முதல் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை கடற்கரையோரமாக இரவு நடை போகிறது. ஜனவரியிலிருந்து வெள்ளி, சனி இரவுகளில் பொதுமக்களையும் சேர்த்துக்கொள்வார்கள். நள்ளிரவை ஒட்டித் தொடங்கி விடியும் முன் முடியும்; ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர், அத்தனையும் மணல். பக்கத்தில் நடக்கிறவரிடம் பேச வேண்டும் என்பதுகூட இல்லை, ஆமைத் தடம் தெரிகிறதா என்று இருவரும் ஒரே மணலைப் பார்த்துக்கொண்டு நடந்தால் போதும். டார்ச் அடிக்கக் கூடாது, பிளாஷ் போடக் கூடாது. ஆமை தட்டுப்படாத இரவுகளும் நிறைய உண்டு, அதற்குத் தயாராகப் போங்கள். தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள், மறுநாள் காலை எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.