ஃபைனல் ஃபேண்டஸி 8: முதல்ல அந்த லெவல் ஏத்துற பழக்கத்தை விடுங்க

ஃபைனல் ஃபேண்டஸி 8 பத்தி ரெண்டு பேர் பேச ஆரம்பிச்சா அது சண்டைலதான் முடியும். ஒருத்தர் சீரிஸ்லயே இதுதான் டாப்புனு நிப்பாரு, இன்னொருத்தர் ரெண்டாவது டிஸ்க் தாண்டல, செம போருனுவாரு. ரெண்டு பேரும் பொய் சொல்லல. 1999 பிப்ரவரில ஸ்கொயர் கம்பெனி இதை ஜப்பான்ல பிளேஸ்டேஷனுக்கு விட்டப்போ, அதுவரைக்கும் ஆர்பிஜின்னா (கேரக்டரை வளர்த்துக்கிட்டே கதைல போற கேம்) இப்படித்தான்னு இருந்த பாதி விஷயத்தை தூக்கிக் கடாசிட்டாங்க. எம்பி (மேஜிக் போட செலவாகுற பாயிண்ட்) கிடையாது, கவசம் கிடையாது, மான்ஸ்டரை அடிச்சா காசு கிடையாது. இது தெரியாம மத்த கேம் ஆடுற பழக்கத்துலயே இதையும் ஆடினா போர் அடிக்கத்தான் செய்யும்.

பெரிய தப்பு எதுன்னா லெவல் ஏத்துறதுதான். வேற எந்த கேம்லயும் பாஸ் (பெரிய எதிரி) கஷ்டமா இருந்தா வெளிய போய் ஒரு மணி நேரம் அடிச்சிட்டு வருவோம்ல, இங்க அதைப் பண்ணா உங்க பார்ட்டியோட சராசரி லெவல் எவ்வளவோ அதுக்கு ஏத்த மாதிரி எதிரிங்களும் கூடவே ஏறிக்கிட்டு வருவாங்க. ஒவ்வொரு லெவலுக்கும் வெறும் 1000 எக்ஸ்பீரியன்ஸ் பாயிண்ட்தான், கடைசி வரைக்கும் அதே கணக்கு, அதனால லெவல் மளமளன்னு ஏறும், ஆனா ஏறி ஒண்ணும் கிழிக்கப் போறதில்ல. உங்க பலம் முக்காவாசி ஜங்ஷன்ல இருந்துதான் வருது, அதாவது சேர்த்து வச்சிருக்கிற மேஜிக்கை ஹெச்பி (உயிர் அளவு), ஸ்ட்ரெங்த் (அடிக்கிற பலம்) மாதிரி ஸ்டேட்ஸ்ல மாட்டுறீங்களே அது. லெவல் 40ல சுமாரான ஜங்ஷனோட நிக்கிறவன் திணறுவான், லெவல் 12ல நல்ல ஜங்ஷன் வச்சிருக்கிறவன் அசால்ட்டா போய்க்கிட்டே இருப்பான்.

அதுக்காக சண்டையே போடாதீங்கன்னு சொல்லல, ஏன்னா ஜிஎஃப் (கார்டியன் ஃபோர்ஸ், சண்டைல கூப்பிடுற துணை சக்தி) புது எபிலிட்டி கத்துக்க ஏபி (எபிலிட்டி பாயிண்ட்) வேணும், அது சண்டைலதான் கிடைக்கும். இதுக்கு ஒரு வழி இருக்கு. கேம் ஆரம்பத்துலயே கிளாஸ்ரூம்ல ஹீரோ ஸ்க்வாலோட டெஸ்க்ல கிடைக்குதே குவெசகோட்ல்ங்கிற ஜிஎஃப், அதுக்கு கார்டு எபிலிட்டியைக் கத்துக்க வைங்க. மான்ஸ்டரோட ஹெச்பியைக் குறைச்சு கார்டா மாத்திட்டா ஏபி வரும், எக்ஸ்பீரியன்ஸ் வராது, கூடவே ஒரு கார்டும் மிச்சம். பாஸ் எவனும் எக்ஸ்பீரியன்ஸ் தரமாட்டான், அதனால அவங்களை பயப்படாம அடிக்கலாம். இன்னொண்ணு, ஜிஎஃப் அடுத்து எதைக் கத்துக்கணும்னு நீங்க செலக்ட் பண்ணலன்னா அது பாட்டுக்கு எதையாவது கத்துக்கிட்டு இருக்கும், மெனுல போய் கைல மாத்துங்க.

அடுத்தது ட்ரா. எதிரிகிட்ட இருந்து மேஜிக்கை உறிஞ்சி ஒவ்வொண்ணும் 100 வரைக்கும் சேர்க்கலாம்னு தெரிஞ்சதும் நம்ம ஆளுங்க என்ன பண்றாங்க, ஒரே மான்ஸ்டரை உயிரோட நிக்க வச்சிக்கிட்டு மூணு பேரும் மாத்தி மாத்தி ட்ரா, ட்ரா, ட்ரா. ஒரு தடவைக்கு நாலஞ்சுதான் வரும், எவ்வளவு நேரம் உக்காருவீங்க? இந்த கேமை பாதில விட்டவங்கள்ல நிறைய பேர் இங்கதான் விட்டிருப்பாங்க. உண்மைல நல்ல ஜங்ஷனுக்கு ட்ரா தேவையே இல்ல, ரிஃபைன் இருக்கு, அதாவது ஐட்டத்தை மேஜிக்கா மாத்துற ஜிஎஃப் எபிலிட்டி. பாலம் (Balamb) ஊர் பக்கத்துல கடற்கரைல ஃபாஸ்டிடோகலான்-எஃப்னு மீன் மாதிரி ஒண்ணு வரும், அது போடுற ஒரு ஃபிஷ் ஃபின்னை ஷிவாங்கிற ஜிஎஃப்போட ஐஸ் மேஜிக் ரிஃபைன்ல போட்டா 20 வாட்டர் மேஜிக். அஞ்சு ஃபின் இருந்தா 100, முடிஞ்சது கதை, ஆரம்பத்துலயே ஸ்ட்ரெங்த்ல மாட்டினா நல்லா ஏறும். அதே மாதிரி சைரன்ங்கிற ஜிஎஃப்போட லைஃப் மேஜிக் ரிஃபைன்ல ஒரு டென்ட் போட்டா 10 க்யூராகா (ஹீல் பண்ற மேஜிக்). டென்ட் கடைல 1000 கில்தான் (கேம் காசு). பத்து டென்ட் வாங்கி 100 க்யூராகாவை ஹெச்பில மாட்டிப் பாருங்க, அதுக்கப்புறம் முதல் டிஸ்க்ல உங்களை எவனாலயும் சாய்க்க முடியாது. இதை கேமே முதல்ல சொல்லிக் கொடுத்திருக்கணும், சொல்லல. ட்யூட்டோரியல்னு பக்கம் பக்கமா எழுதி வச்சிருக்காங்க, எந்த பட்டனை அமுக்கணும்னு இருக்கும், எதுக்கு அமுக்கணும்னு இருக்காது.

மேஜிக்கை மாட்டின கையோட அதையே சண்டைல எடுத்து அடிக்கிறவங்க உண்டு. ஹெச்பில மாட்டின க்யூராகாவை அடிக்கடி போட்டுக்கிட்டே இருந்தா எண்ணிக்கை குறையும், எண்ணிக்கை குறைஞ்சா மேக்ஸ் ஹெச்பியும் குறையும். எமர்ஜென்சிக்கு பட்டுப்புடவையைக் கிழிச்சு கட்டுப் போடுற கதைதான். ஹீல் பண்ண லெவையதன்ங்கிற ஜிஎஃப் கிட்ட ரெக்கவர்னு ஒரு கமாண்டே இருக்கு, அதுக்கு மேஜிக் செலவே இல்ல. அது கிடைக்கிற வரைக்கும் ஐட்டம் யூஸ் பண்ணுங்க, இல்லன்னா எதிரிகிட்ட இருந்து ட்ரா பண்ணி அப்பவே காஸ்ட் பண்ணிடுங்க, உங்க ஸ்டாக்ல கை வைக்க வேணாம்.

சரி, அவ்வளவு ட்ரா பண்ணாதீங்கன்னு சொல்லிட்டு இப்ப மாத்திப் பேசுறேன்: பாஸ் வந்தா மட்டும் முதல் வேலையா ட்ரா லிஸ்டைத் திறந்து பாருங்க. சில ஜிஎஃப் பாஸ்கிட்டதான் ஒளிஞ்சிருக்கும். டாலெட் டவர் உச்சில வர்ற எல்வொரெட் கிட்ட சைரன், நார்க் கிட்ட லெவையதன், ஃபூஜின் கிட்ட பாண்டெமோனா. அவசரத்துல அடிச்சுக் கொன்னுட்டா போச்சு, அப்புறம் கடைசி கோட்டைல இருக்கிற பாஸுங்ககிட்டதான் மறுபடி சான்ஸ், அதுக்குள்ள கேமே முடியுற ஸ்டேஜ். சைரன் போனா மேல சொன்ன டென்ட் வித்தையும் கூடவே போச்சு. டிம்பர் ஊருக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி ஸ்க்வாலோட ஸ்கூல் தலைவர் சிட் ஒரு மேஜிக் லாம்ப் தருவாரு, அதுக்குள்ள டயாப்லோஸ்ங்கிற ஜிஎஃப் இருக்கு, நல்லா தயாரா இல்லாம தேய்ச்சீங்கன்னா அடி பின்னிடுவான், சேவ் பண்ணிட்டுத் தேய்ங்க. ஜெயிச்சா என்கவுண்டரையே (வழில திடீர்னு வர்ற சண்டை) நிறுத்துற எபிலிட்டி அவன்கிட்ட இருக்கு.

காசு விஷயம் சின்னதுதான். நீங்க சீட் (SeeD, கேம்ல வர்ற கூலிப்படை) ஆனதும் நடக்க நடக்க சம்பளம் வரும், ரேங்க் எவ்வளவோ அவ்வளவு சம்பளம். மெனுல ட்யூட்டோரியல் உள்ள ரிட்டன் டெஸ்ட் இருக்கு, மொத்தம் 30, பாஸ் பண்ணப் பண்ண ரேங்க் ஏறும், ஆனா ஸ்க்வால் லெவல் எவ்வளவோ அதுவரைக்கும்தான் எழுத விடுவாங்க. இது அங்க இருக்கிறதே தெரியாம கஞ்சத்தனமா ஆடி முடிச்சவங்க நிறைய பேர்.

இனி ட்ரிபிள் ட்ரயட், கேமுக்குள்ள வர்ற கார்டு ஆட்டம். கார்டு கேம்தானேன்னு ஒதுக்குறது இந்த கேம்லயே பெரிய நஷ்டம். மூணுக்கு மூணு கட்டத்துல ஆடுற சின்ன ஆட்டம், ஆனா கதையை விட்டுட்டு இதையே ஆடிக்கிட்டு உக்காந்திருக்கிறவங்க இருக்காங்க, அவ்வளவு பக்காவா பண்ணியிருக்காங்க. ஜெயிச்ச கார்டை கார்டு மோட் எபிலிட்டி வச்சு ஐட்டமா மாத்தலாம், ஐட்டத்தை மேஜிக்கா மாத்தலாம், அதனால இதுவும் பலம் சேர்க்கிற வழிதான். இதுல ஒரு கண்ணிவெடி இருக்கு, ரூல்ஸ். ஒவ்வொரு ஏரியாவுக்கும் தனி ரூல், நீங்க ஒரு ஊர்ல இருந்து இன்னொரு ஊருக்குப் போய் ஆடும்போது ரெண்டு ஊர் ரூலையும் சேர்த்து ஆடலாமான்னு கேப்பாங்க. சும்மா ஓகே கொடுத்தீங்கன்னா பழைய ஊர் ரூல் அங்கயும் பரவ ஆரம்பிச்சிடும். டாலெட்ல ரேண்டம் ரூல் உண்டு, கைல இருக்கிறதுல எந்த அஞ்சு கார்டு வரும்னு உங்களுக்கே தெரியாது. அது பாலம் வரைக்கும் பரவிச்சுன்னா நீங்க கஷ்டப்பட்டு ஜெயிச்ச கார்டெல்லாம் வரும்போதுதான் வரும், கடுப்பு தாங்காது. அதனால கலந்து ஆடக் கேட்டா வேணாம்னு சொல்லுங்க, ஆடுறதுக்கு முன்னாடி சேவ் பண்ணுங்க, ஏதாவது பரவிட்டா யோசிக்காம ரீலோட்.

கதைன்னு வந்தா, முதல் டிஸ்க்கை அடிச்சுக்க முடியாது. டாலெட் கரைல படகு இறங்குற சீன், நோபுவோ உவெமட்சு மியூசிக், நோமுரா டிசைன்ல நிஜ மனுஷ அளவுல கேரக்டர்ஸ், வீடியோல இருந்து கேமுக்கு வெட்டே தெரியாம மாறுறது, 1999ல இது சாதாரண விஷயமில்ல. நடுநடுவுல வர்ற லகூனாங்கிற இன்னொரு ஆளோட பகுதியை ஏன்டா வருதுன்னு வேகமா தள்ளாதீங்க, பின்னாடி அதுக்கு விலை இருக்கு. பாதிக்கு மேல கதை தடுமாறுதுங்கிறதும் உண்மை. மெயின் வில்லியை ரொம்ப லேட்டா கொண்டு வராங்க, எல்லாரோட பழைய வாழ்க்கையையும் ஒரே சீன்ல போட்டு உடைக்கிறது எனக்கு இன்னைக்கும் செட் ஆகல. ஸ்க்வால் "அப்புறம் என்ன"னு மூஞ்சியை உம்முன்னு வச்சிருக்கிறதைப் பாத்து ஹீரோ சரியில்லன்னு முடிவு பண்ணிடாதீங்க, அவன் மாறுறதுதான் கதையே.

2019 ரீமாஸ்டர் ஆடுறீங்கன்னா அதுல மூணு மடங்கு ஸ்பீடு, என்கவுண்டர் ஆஃப், பேட்டில் அசிஸ்ட் (சண்டைல ஹெச்பி தானா நிரம்புறது) மூணும் இருக்கு. ஸ்பீடை தாராளமா யூஸ் பண்ணுங்க, ஜிஎஃப் அனிமேஷன் ஒவ்வொண்ணும் அவ்வளவு நீளம், ஈடன் வந்தா டீ போட்டுட்டு வந்துடலாம். பேட்டில் அசிஸ்ட்டை மட்டும் ஆரம்பத்துலயே போடாதீங்க, போட்டா ஜங்ஷனுக்கு வேலையே இல்ல, அப்புறம் இந்த கேம்ல ஆடுறதுக்கு என்ன இருக்கு? பேக்ரவுண்ட் எல்லாம் பழசுதான், கேரக்டர் மட்டும் பளபளன்னு இருக்கும், கண்ணுக்குப் பழக கொஞ்ச நேரம் ஆகும்.

மூணாவது டிஸ்க் கடைசில லூனாட்டிக் பாண்டோராங்கிற இடத்துக்குள்ள போறதுக்கு முன்னாடி தனியா ஒரு சேவ் வச்சுக்கோங்க. நாலாவது டிஸ்க்ல ஊரெல்லாம் மூடிடுவாங்க, அங்க விட்டுப்போன சைடு க்வெஸ்ட், ஆயுதம் அப்கிரேட் பண்ற ஜங்க் ஷாப் எதுக்கும் திரும்பிப் போக முடியாது.