நாலு மணி நேரப் புதுச்சேரி

தஞ்சாவூரிலிருந்து வந்து பெங்களூரு பஸ்ஸுக்கு மாறுவதற்குள் எனக்குப் புதுச்சேரியில் நாலு மணி நேரம் கிடைக்கும். முதல் தடவை அதை வீணாக்கினேன். மதியம் ஒரு மணி, தோளில் மூட்டை மாதிரிப் பை. மணக்குள விநாயகர் கோயிலுக்குப் போனால் நடை சாத்தியிருந்தது. கடற்கரையில் கால் வைக்க முடியாத வெயில். ஆட்டோவுக்குக் கொடுத்ததுதான் மிச்சம்.

அடுத்த தடவை இரவு பஸ் பிடித்து விடியற்காலையில் இறங்கினேன். நிலையத்துக்கு எதிரே டீக்கடை. "அண்ணே, பையை இங்க வச்சுட்டுப் போகலாமா?" என்றேன். "பத்து மணிக்குள்ள வந்துடுங்க தம்பி" என்றார். பாதி பிரச்சினை அங்கேயே தீர்ந்தது.

காலை 7.30 வரை கடற்கரைச் சாலையில் வண்டிகள் கிடையாது, நடுரோட்டிலேயே நடக்கலாம். காந்தி சிலையைச் சுற்றி நிற்பவை செஞ்சியிலிருந்து வந்த கருங்கல் தூண்கள். கிட்டப் போய்த் தொட்டுப் பார்த்தேன், சிற்ப வரிகளின் இடுக்கில் ராத்திரி ஈரம் அப்படியே இருந்தது. பக்கத்திலேயே 1836-இல் கட்டிய பழைய கலங்கரை விளக்கம்.

தெருக்கள் கட்டம் போட்டது போல நேர்நேராக இருப்பதால் வழி தப்பவே தப்பாது. கிழக்கே போனால் கடல், மேற்கே வந்தால் பெரிய வாய்க்கால், அதைத் தாண்டினால் தமிழர் தெருக்கள், திண்ணை வீடுகள். இந்தத் தடவை விநாயகர் கோயில் நடை திறந்திருந்தது, கும்பிட்டேன். பாரதி 1908 முதல் பத்து வருஷம் இருந்த ஊர். அவர் வீட்டை வெளியிலிருந்துதான் பார்த்தேன், அதற்குத் தனியாக ஒருநாள் வேண்டும்.

ஒன்பதே முக்காலுக்குப் பையை எடுத்தேன். டீக்கு மட்டும்தான் காசு வாங்கினார்.