குட்டிக்கரணம் அடிச்ச ராக்கெட்

ரெண்டு பழைய மாடல் ராக்கெட் கிட்ல மிஞ்சின ட்யூப், ஃபின் (வால் இறக்கை), நோஸ்கோன் (மூக்குக் கூம்பு) எல்லாம் சேத்து ஒண்ணு ஒட்டினேன், காட்பாடி பக்கம் பாலாத்து மணல்ல விட்டா, ஏவுற கம்பியை (ராடு) விட்டு வந்ததுமே குட்டிக்கரணம். ஃபின்னை பேத்து ஒட்டினேன், ராடை நீளமாக்கினேன், காத்து மேல பழி போட்டேன், நாலு நாள் போச்சு. நிலையா பறக்குமான்னு பாக்க மாடில ராக்கெட்டை நூல்ல கட்டி சுத்துனா மட்டும் மூக்கு நேரா போகுது! அங்கதான் கோட்டை விட்டது, சுத்துனப்ப உள்ள மோட்டாரே இல்ல, வெறும் கூடு. சி6-5ங்கற சின்ன மருந்து மோட்டார் 24 கிராம்கிட்ட வரும், அது வால்ல உக்காந்தா பேலன்ஸ் புள்ளி பின்னாடி இறங்கிடுது. எரிக்காத மோட்டார், மடிச்ச பாராசூட் வெச்சு (பத்த வைக்கிற இக்னைட்டர் இல்லாமதான்) மறுபடி சுத்தினா தாறுமாறா ஆடுச்சு. நோஸ்கோன் முனைல தூண்டில் ஈயக்குண்டு ரெண்டு போட்டு எபாக்சி ஊத்தி, காத்தழுத்த மையத்துக்கு (காத்து தள்ளுற விசை மொத்தமா விழற புள்ளி) ஒரு ட்யூப் விட்டமாவது முன்னாடி பேலன்ஸ் வர்ற மாதிரி பண்ணேன். நேரா ஏறுச்சு, அப்பாடா. இறங்குனது மட்டும் சீமைக்கருவேல முள்ளுல.