மத்தியதரைக் கடல் கலைப்பொருட்கள்: பெயரை நம்பி ஏமாறாதீர்கள்

பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் வெள்ளியும் பொன்னும் பதித்த ஒரு பித்தளைத் தொட்டி இருக்கிறது. ‘புனித லூயியின் ஞானஸ்நானத் தொட்டி’ என்று பெயர். படித்ததும், சிலுவைப் போருக்குப் போன பிரெஞ்சு அரசர் ஒன்பதாம் லூயி கொண்டுவந்தது போலும் என்று தோன்றும். அவர் இறந்தது 1270இல். தொட்டியோ எகிப்தையும் சிரியாவையும் ஆண்ட மம்லூக் சுல்தான்களின் நிலப்பகுதியில், 14ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் செய்யப்பட்டது என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கணிப்பு. 1606இல், பின்னாளில் பிரெஞ்சு அரசரான பதின்மூன்றாம் லூயிக்கு அதில் ஞானஸ்நானம் நடந்தது உண்மைதான். ஆனால் தொட்டியைச் செய்தவர் முகம்மது இப்னு அல்-ஸைன். ஆறு இடங்களில் தன் பெயரைப் பொறித்திருக்கிறார். இவ்வளவு ஆசையாகக் கையெழுத்திட்டவரை மறந்துவிட்டு, அதைக் கண்ணாலும் பார்த்திராத அரசரின் பெயரால் அழைப்பது என் மனதுக்கு ஒப்பவில்லை.

அதே தொட்டியைச் சுற்றி வாருங்கள். வேட்டைக்காரர்கள், குதிரை வீரர்கள், பணியாளர்கள், விலங்குகள். ‘இஸ்லாமியக் கலையில் உருவங்களே கிடையாது’ என்று பலரும் அடித்துச் சொல்வார்கள். பள்ளிவாசலுக்கும் குர்ஆன் பிரதிக்கும் பெரும்பாலும் பொருந்தும் வழக்கத்தை அரண்மனைப் பாத்திரத்தின் மேல் ஏற்றுவதால் வரும் தவறு இது. சிசிலியின் பலெர்மோவில், கிறிஸ்தவ அரசரின் அரண்மனைத் தேவாலயக் கூரையில்கூட இஸ்லாமியப் பாணியில் இசைக்கலைஞர்களும் சதுரங்கம் ஆடுபவர்களும் தீட்டப்பட்டிருக்கிறார்கள்.

அப்புறம், அரபு எழுத்தைக் கண்டாலே குர்ஆன் வசனம் என்று எண்ணுவது. அந்தப் பலெர்மோ அரசர் இரண்டாம் ரோஜரின் சிவப்புப் பட்டு மேலங்கி இப்போது வியன்னாவில் இருக்கிறது. நடுவில் ஒரு மரம். இருபுறமும் ஒட்டகத்தை வீழ்த்தும் சிங்கம். எல்லாம் பொன்னிழையும் முத்தும். விளிம்பில் ஓடும் கூஃபி எனும் கோணவடிவ அரபு எழுத்து, அரச பட்டறையில் ஹிஜ்ரி 528இல் இது தயாரானது என்று சொல்லி, நற்பேறுகளை வாழ்த்துகிறது. ஹிஜ்ரி 528 என்றால் 1133–34. ரோஜர் முடிசூடியது 1130இல். ஆகவே இது அவருடைய முடிசூட்டு அங்கி என்பதும் தவறு. பின்னாளில் புனித ரோமப் பேரரசர்கள்தான் இதை அணிந்து முடிசூடினார்கள்.

எழுத்துப் போலத் தெரிவதெல்லாம் எழுத்தும் அல்ல. இத்தாலிய ஓவியர் ஜென்டீலே ட ஃபாப்ரியானோ 1423இல் தீட்டிய ஓவியத்தில் மரியாளின் ஒளிவட்டத்தைச் சுற்றி அரபு போன்ற வடிவங்கள் ஓடுகின்றன. படித்துப் பொருள் தேட வேண்டாம், அது அலங்காரம்.

ஐரோப்பாவுக்கு வந்ததெல்லாம் போர்க் கொள்ளை என்பது இன்னொரு அவசர முடிவு. கொள்ளை நடந்தது, மறுக்க முடியாது. ஆனால் இத்தாலியின் பீசா நகரத் தேவாலயங்களின் வெளிச்சுவர்களில் பதித்திருக்கும் இஸ்லாமியப் பீங்கான் கிண்ணங்களில் பெரும்பகுதி துறைமுகத்துக்கு வந்த வணிகச் சரக்குதான்.

ஒரு பொருளுக்கு ஒரே பிறந்த ஊர் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கவும் வேண்டாம். பீசா பேராலயக் கூரையில் பல நூற்றாண்டுகள் நின்ற வெண்கல கிரிஃபினுக்கு (கழுகுத் தலையும் சிறகும் சிங்க உடலும் கொண்ட கற்பனை விலங்கு) ஸ்பெயின், எகிப்து, சிசிலி என்று பல ஊர்களைச் சொல்லியிருக்கிறார்கள். அதன் உடலில் ஓடும் அரபு வரிகள், உடைமையாளருக்கு ஆசியும் நலமும் வேண்டுகின்றன.