எலி சாம்பிள்ல ஃப்ளோரின் தேடறதுக்கு முன்னாடி பிளாங்க் (மருந்து கலக்காத ஒப்பீட்டு சாம்பிள்) போடுங்க

ஃப்ளோரின் உள்ள மருந்து எலி உடம்புல போய் என்னவா மாறுதுன்னு பாக்கணும்னா என் ஓட்டு ஃப்ளோரின்-19 என்எம்ஆருக்குத்தான் (காந்தப்புலத்துல அணுக்கரு குடுக்கற சிக்னல ஸ்பெக்ட்ரமா வரையற முறை). இயற்கையில உள்ள ஃப்ளோரின் எல்லாமே 19தான், சென்சிடிவிட்டி ஹைட்ரஜன்ல 83 சதவீதம் வரும், யூரின்ல யூரியா உப்புன்னு என்ன கலந்து கிடந்தாலும் ஸ்பெக்ட்ரத்துல ஃப்ளோரின் உள்ளது மட்டும்தான் எட்டிப் பாக்கும். மருந்துல கதிரியக்க அணு ஒட்டித் தேடற ரேடியோலேபிள் வேலையும் மிச்சம். ரொம்பக் கம்மி அளவுன்னா மட்டும் எல்சி-எம்எஸ் (பிரிச்சு எடுத்து நிறை பாக்கற கருவி) பக்கம் போயிடுங்க.

5-ஃப்ளோரோயூராசில்ங்கற புற்றுநோய் மருந்த வெச்சு சொல்றேன். எதிக்ஸ் கமிட்டி அப்ரூவல் கைல வந்தப்புறம் எலிய மெட்டபாலிக் கேஜ்ல (யூரின தனியாப் பிடிக்கற கூண்டு) விட்டு முதல்ல பழக்குங்க, டோஸுக்கு முன்னாடி ஒரு யூரின் பிடிச்சு வைங்க, அப்புறம் 0-6 மணி, 6-24 மணின்னு தனித்தனியா ஐஸ்ல வெச்ச ட்யூப்ல பிடிங்க. தீவனத் தூள் விழுந்துக்கிட்டேதான் இருக்கும், சென்ட்ரிஃப்யூஜ் பண்ணி மேல தெளிஞ்சத மட்டும் எடுத்து மைனஸ் 80 டிகிரில வைங்க. ரன் பண்றப்ப பத்துல ஒரு பங்கு டிடூஓ (கன நீர்), கூடவே பிஹெச்ச நிலையா வெக்கற பஃபர். பிஹெச் ஆளுக்கொரு பக்கம் இருந்தா பீக்கும் (ஸ்பெக்ட்ரத்துல எழும்பற முனை) நகர்ந்துடும், எது எதுன்னு குழம்பிடுவீங்க.

மருந்தோட பீக் மைனஸ் 169 பிபிஎம் (ஸ்பெக்ட்ரத்துல பீக் நிக்கற இடத்தச் சொல்ற அளவு) பக்கம் நிக்கும். ஈரல்ல டிபிடி என்சைம் அத உடைச்சு, கடைசியா வர்ற ஆல்ஃபா-ஃப்ளோரோ-பீட்டா-அலனின் மைனஸ் 188 கிட்ட வரும். அதுதானான்னு சந்தேகமா? ஸ்டாண்டர்ட் வாங்கி அதே ட்யூப்ல துளி சேருங்க, அந்த பீக்கே வளர்ந்தா அதுதான், பக்கத்துல புதுசா முளைச்சா வேற ஆளு. அளவு கணக்குப் போடணும்னா ரெண்டு ஸ்கேனுக்கு நடுவுல விடற டிலே T1-ஐப் (ஃப்ளோரின் சிக்னல் பழைய நிலைக்குத் திரும்பற வேகத்தச் சொல்ற நேரம்) போல அஞ்சு மடங்காவது வைங்க, அவசரப்பட்டா நம்பர் பொய் சொல்லும்.

இப்ப என் கதை. ஈரல் சாம்பிள்ல மைனஸ் 80 பிபிஎம் பக்கம் அழகா ஒரு பீக், கொஞ்சம் தள்ளி இன்னொண்ணு. புது மெட்டபாலைட்னு (மருந்து உடம்புல மாறி வர்ற பொருள்) நாலு நாள் தலைகால் புரியல. சீனியர் அக்கா வந்து பாத்துட்டு ஒரே கேள்வி, "மயக்கத்துக்கு என்னப்பா குடுத்தீங்க?" ஐசோஃப்ளூரேன்! பேர்லயே இருக்கு. பிளாங்க் எலிக்கு மயக்கமே குடுக்கல, அதான் அதுல தெரியல. அதனால பிளாங்க் எலியும் டோஸ் தவிர மத்த எல்லாத்தையும் அனுபவிக்கணும். மயக்கத்துக்கு கெட்டமின்-சைலசின் போட்டா இந்த வம்பே இல்ல, ரெண்டுலயும் ஃப்ளோரின் கிடையாது.

இன்னொண்ணு, மைனஸ் 120 பக்கம் ஃப்ளோரைடு தேடறவங்க வெறும் தண்ணி போட்ட ட்யூபையும் ஒரு ரன் விடுங்க. ப்ரோப்ல (ட்யூப் உக்கார்ற கருவிப் பகுதி) ஃப்ளோரின் உள்ள டெஃப்லான் இருந்தா கிட்டத்தட்ட அங்கயேதான் ஒட்டக முதுகு மாதிரி அகலமா எழும்பி நிக்கும்.