மேப்ல ஆஸ்திரேலியாவோட காஞ்ச நடுநாட்டைப் படிக்கிறது எப்படி

சாட்டிலைட் மேப்ல அந்தப் பக்கம் போனதும் "வெறும் செம்மண்ணு"ன்னு மூடிடாதீங்க. தண்ணி போன தடத்தப் பிடிச்சிட்டா போதும், எந்த ஊரு ஏன் அங்க இருக்கு, மாட்டுப் பண்ண வீடு ஏன் அந்த எடத்துல உக்காந்திருக்கு, எல்லாம் புரிஞ்சிடும்.

ஆறுன்னா கடலுக்குத்தான் போகும்ங்கிற நெனப்ப முதல்ல விட்ருங்க. இங்க ஆறுங்க முடியுற எடம் கட்டி தண்டா, அதாவது லேக் ஏர்ங்கிற உப்பு ஏரி. கடல் மட்டத்துக்கு சுமார் 15 மீட்டர் கீழ, உப்பு படிஞ்சு வெள்ளையா தெரியும், முதல்ல அதக் கண்டுபிடிங்க. சுத்தி 12 லட்சம் சதுர கிலோமீட்டர் நிலத்துக்கு இதுதான் பள்ளம், மொத்த நாட்டுப் பரப்புல 1/6 பங்கு.

அங்கேர்ந்து வடகிழக்கா ஏறுங்க. டயமன்டினா, ஜார்ஜினா, கூப்பர் கிரீக்னு மூணு ஆறு வரும். வின்டோராங்கிற ஊருக்கு வடக்க தாம்சன், பார்கூ ரெண்டு ஆறும் சேர்ந்துதான் கூப்பர் ஆகுது. பேருல கிரீக்னு இருக்கேன்னு சின்ன ஓடையா நெனைக்காதீங்க, நிலம் அவ்ளோ தட்டை, சரிவே கிடையாது, அதனால பின்னல அவுத்துவிட்ட மாதிரி நூத்துக்கணக்கான வாய்க்காலா பிரிஞ்சு வெள்ளம் வந்தா பல பத்து கிலோமீட்டர் அகலத்துக்கு பரவிடும், கொஞ்சத்த மண்ணு குடிச்சிடும், மிச்சத்த வெயில் குடிச்சிடும். ஏரி வரைக்கும் வந்து சேராத வெள்ளம்தான் அதிகம். ஆனா அது வீண் இல்லைங்க, அந்த ஈரத்துல முளைக்கிற புல்லுதான் மாடுங்கள கொழுக்க வைக்குது.

வாய்க்கால் நடுவுல கரும்பச்சையா நீளமா ஒரு கோடு தெரிஞ்சா ஜூம் பண்ணுங்க, கூலிபா மரம், நடுவுல வத்தாத மடு. இன்னமின்காங்கிற ஊரு பக்கத்துல இருக்கிற கல்லியமுர்ரா மடு அப்படித்தான்.

எனக்கு ரொம்ப பிடிச்ச அடையாளம் இன்னொன்னு. ஓடையே இல்லாத வெட்டவெளியில நாலாபக்கமும் இருந்து ஒத்தையடிப் பாதைங்க ஒரே புள்ளிக்கு வந்து சேரும், சிலந்தி வலை மாதிரி. மாடுங்க தண்ணி குடிக்க நடந்து நடந்து விழுந்த தடம் அது. நடுவுல இருக்கிறது பெரும்பாலும் ஆழ்துளைக் கிணத்துத் தொட்டி, கிரேட் ஆர்ட்டீசியன் பேசின்ங்கிற பெரிய நிலத்தடி நீர்த்தேக்கத்துத் தண்ணியா இருந்தா பல எடத்துல சூடாவே மேல வரும்.

கடைசியா, ஒரே படத்த நம்பாதீங்க. 2025 மார்ச் கடைசில மேற்கு குயின்ஸ்லாந்துல கொட்டுன மழைக்கு முன்ன எடுத்தது ஒண்ணு, ரெண்டு மாசம் கழிச்சு எடுத்தது ஒண்ணு, ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. எந்த வாய்க்கால் உசுரோட இருக்குன்னு அப்பதான் தெரியும்.