பெரிய டயர், சின்ன பினியன்: ஆர்சி மான்ஸ்டர் ட்ரக்கை மாற்றியமைப்பது எப்படி?

ரிமோட்டில் ஓடும் பொம்மை வண்டியான ஆர்சி மான்ஸ்டர் ட்ரக்கை வாங்கிய ஒரு மாதத்துக்குள் எல்லோருக்கும் இரண்டு ஆசை வந்துவிடும். டயர் இன்னும் பெரிதாக இருக்க வேண்டும், வண்டி இன்னும் சீற வேண்டும். இரண்டையும் வீட்டில் உட்கார்ந்தே செய்யலாம். ஆனால் எதை முதலில் செய்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் மோட்டார் பிழைக்கும்.

நான் முதல்முறை டயரை மட்டும் மாற்றிவிட்டுத் திடலுக்குக் கொண்டுபோனேன். பார்க்க அவ்வளவு கம்பீரம். பத்து நிமிடம் ஆகியிருக்காது, வார்னிஷ் கருகும் வாடை வந்தது. மோட்டாரில் விரல் வைக்க முடியவில்லை. கழற்றிப் பார்த்தால் கம்யூட்டேட்டர் (மோட்டாருக்குள் சுழலும் செம்பு வளையம்) கன்னங்கரேலென்று இருந்தது, அதில் உரசிக் கரண்ட் கொடுக்கும் பிரஷ் பாதி தேய்ந்திருந்தது. டயரிலும் குறை இல்லை, மோட்டாரிலும் குறை இல்லை. நான் கியர் கணக்கைப் போடவில்லை. அதனால்தான் இந்தப் பதிவில் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன் கால்குலேட்டரை எடுக்கச் சொல்கிறேன்.

எடுத்துக்காட்டுக்கு 1/10 அளவுள்ள டிராக்ஸாஸ் ஸ்டாம்பீட், பின்சக்கர இயக்க வண்டியை வைத்துக்கொள்வோம். உங்களுடையது வேறு வண்டியானால் எண்கள் மாறும், முறை மாறாது.

படி 1: கணக்கு

மோட்டார் அச்சில் இருக்கும் சின்னப் பல்சக்கரம் பினியன். அது சுழற்றிவிடும் பெரிய பிளாஸ்டிக் பல்சக்கரம் ஸ்பர். ஸ்பரின் பல் எண்ணிக்கையைப் பினியனின் பல் எண்ணிக்கையால் வகுத்து, கியர்பாக்ஸின் விகிதத்தால் பெருக்குங்கள். ஸ்டாம்பீடின் கியர்பாக்ஸ் விகிதம் 2.72. ஸ்பரில் 86 பல், பினியனில் 18 பல் என்றால் விடை 13 வரும். மோட்டார் 13 முறை சுற்றினால் சக்கரம் ஒருமுறை சுற்றும்.

120 மி.மீ. விட்டமுள்ள டயரின் சுற்றளவு 377 மி.மீ. அதை 13-ஆல் வகுத்தால், மோட்டாரின் ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி 29 மி.மீ. நகர்கிறது. இப்போது 165 மி.மீ. டயரை மாட்டுகிறோம். சுற்றளவு 518 மி.மீ. அதே கியரில் மோட்டாரின் ஒரு சுற்றுக்கு வண்டி 40 மி.மீ. நகர வேண்டும். கியர் சைக்கிளில் டாப் கியரைப் போட்டுக்கொண்டு மேடேறுவது போலத்தான் இது. கால் என்ன பாடுபடுமோ, அதே பாட்டை மோட்டார் படும். அதிகக் கரண்ட் இழுக்கும், இழுத்த கரண்ட் சூடாக மாறும்.

பழைய 29 மி.மீ.க்கே திரும்ப வேண்டும் என்றால் 18-ஐ 120-ஆல் பெருக்கி 165-ஆல் வகுங்கள். 13 வரும். ஆக, 13 பல் பினியன் வாங்க வேண்டும். இந்த வண்டிக்கு 48 பிட்ச் (பல்லின் அளவு), 3.17 மி.மீ. துளை என்று கேட்டு வாங்குங்கள். பிட்ச் மாறினால் பல்லும் பல்லும் பொருந்தாது, ஸ்பர் ஒரே ஓட்டத்தில் மழுங்கிவிடும்.

நிஜ மான்ஸ்டர் ட்ரக்குகளும் இதே சிக்கலைத் தீர்த்த பிறகுதான் ஓடுகின்றன. அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த பாப் சாண்ட்லர் தன் 1974 ஃபோர்டு எஃப்-250 வண்டியை மாற்றியமைத்து 'பிக்ஃபுட்' என்று பெயர் வைத்தார். அது 1981-ல் பழைய கார்களின் மேல் ஏறி நசுக்கியதில்தான் இந்த மோகமே தொடங்கியது. இன்றைய ட்ரக்குகளில் இருப்பது 66 அங்குல டயர். அதைச் சுழற்ற, சக்கரத்தின் நடுவிலேயே பிளானட்டரி கியர் வைத்து வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டுகிறார்கள். அவர்கள் சக்கரத்துக்குள் செய்வதை நாம் பினியனில் செய்கிறோம்.

படி 2: டயர் தேர்வு

ஸ்டாம்பீடின் அச்சில் இருப்பது 12 மி.மீ. ஹெக்ஸ், அதாவது சக்கரம் மாட்டும் அறுகோணத் துண்டு. 2.8 அங்குல ரிம் டயர்களில் பல இதில் நேராக உட்காரும். 3.8 அங்குல ரிம் உள்ளவை 1/8 வண்டிகளுக்கானவை, அவற்றுக்கு 17 மி.மீ. ஹெக்ஸ் வேண்டும். 12-லிருந்து 17-க்கு மாற்றும் அடாப்டர் கிடைக்கிறது.

உயரத்தோடு எடையையும் பாருங்கள். சமையலறைத் தராசில் பழைய சக்கரத்தையும் புதியதையும் வைத்துப் பாருங்கள். சக்கரத்தின் எடை விளிம்பில் சுழல்வதால், சேஸியில் ஏற்றும் எடையைவிட மோட்டாரையும், சக்கரத்தைச் சுழற்றும் தண்டான டிரைவ்ஷாஃப்டையும் அது அதிகம் வருத்தும். ஒரே உயரத்தில் இரண்டு டயர் கிடைத்தால் யோசிக்காமல் லேசானதை எடுங்கள்.

ஒட்டாமல் வரும் டயராக இருந்தால் ரிம்மின் விளிம்பையும் டயரின் உள்மடிப்பையும் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துக் காயவிடுங்கள். டயரை மாட்டி, மடிப்பு சுற்றிலும் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பாருங்கள். பிறகு மடிப்பைக் கட்டைவிரலால் லேசாக விலக்கி, மெல்லிய சூப்பர் க்ளூவை ஒரு சொட்டு விடுங்கள். பசை தானாகப் பரவும். பத்து எண்ணும் வரை அழுத்திப் பிடித்து, அடுத்த இடத்துக்குப் போங்கள். ஒரு பக்கம் முழுவதும் இறுகிய பிறகே மறுபக்கம். இதை மட்டும் அவசரப்பட்டுச் செய்யாதீர்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

வேகமாக ஓட்டப் போகிறீர்கள் என்றால், ஒட்டும் முன் டயரின் உட்புறம் நடுவில் துணி டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றிவிடுங்கள். மென்மையான டயர் வேகத்தில் பலூன் மாதிரி உப்பி, நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடும். டேப் அதைப் பிடித்து நிறுத்தும்.

படி 3: இடம் பார்ப்பது

சக்கரங்களை மாட்டி, வண்டியை அடிமட்டம் வரை அமுக்குங்கள். ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். எங்கே உரசுகிறதோ அங்கே மார்க்கரால் கோடு போட்டு, பாலிகார்பனேட் பாடியை வளைந்த கத்தரியால் நறுக்குங்கள். கொஞ்சமாக வெட்டி, திரும்ப மாட்டிப் பார்த்து, பிறகு அடுத்த வெட்டு. பாடி தாங்கும் கம்பங்களில் மேல் துளைக்கு மாற்றினாலே சிலருக்கு வெட்டும் வேலை மிச்சமாகும்.

பெரிய டயரைத் திருப்ப, வண்டியோடு வந்த சர்வோ (ஸ்டியரிங்கைத் திருப்பும் குட்டி மோட்டார்) திணறும். 10 முதல் 15 கிலோ-செ.மீ. இழுவையுள்ள, தண்ணீர் புகாத, மெட்டல் கியர் சர்வோ போதும்.

படி 4: பினியன் மாற்றுவது

கியர் மூடியைக் கழற்றி, மோட்டாரைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூவைத் தளர்த்துங்கள். பழைய பினியனின் குட்டி ஸ்க்ரூவைத் தளர்த்தி உருவுங்கள். புதியதை மாட்டும்போது அந்த ஸ்க்ரூ மோட்டார் அச்சின் தட்டையான பக்கத்தில் உட்கார வேண்டும். ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் நீல நிற திரெட்லாக் பசையை ஒரு சொட்டு விட்டு இறுக்குங்கள்.

இப்போது இடைவெளி. நோட்டுப்புத்தகத் தாளில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழித்து, இரண்டு பல்சக்கரங்களுக்கும் நடுவே விடுங்கள். மோட்டாரை ஸ்பர் பக்கம் தள்ளி, அப்படியே ஸ்க்ரூக்களை இறுக்குங்கள். ஸ்பரைச் சுழற்றித் தாளை வெளியே எடுத்தால், அதில் விசிறி மடிப்பு போல வரிவரியாகத் தடம் விழுந்திருக்கும். தாள் கிழிந்திருந்தால் பற்கள் நெருக்கம், தடம் மங்கலாக இருந்தால் தூரம். ஸ்பரை ஒரு சுற்று முழுவதும் சுழற்றி நான்கு இடத்திலாவது பாருங்கள்.

அடுத்து ஸ்லிப்பர் கிளட்ச். டயர் தரையில் திடீரென்று பிடிக்கும்போது வரும் அடியைத் தான் வாங்கிக்கொண்டு கியரைக் காப்பாற்றுவது இதுதான். நட்டை மெதுவாக முழுதாக இறுக்கி, பிறகு முக்கால் சுற்றுத் தளர்த்துங்கள்.

படி 5: இனிமேல்தான் பவர்

வண்டியில் டைட்டன் 12-டி பிரஷ் மோட்டாரும் எக்ஸ்எல்-5 ஸ்பீடு கண்ட்ரோலரும் இருந்தால், செலவு குறைந்த முதல் மாற்றம் 2எஸ் லைப்போ (இரண்டு செல் கொண்ட லித்தியம்-பாலிமர்) பேட்டரி. நிக்கல் பேட்டரி சுமை ஏறியதும் துவண்டுவிடும், லைப்போ கடைசி வரை கிட்டத்தட்ட ஒரே வேகம் தரும். கண்ட்ரோலரில், வோல்டேஜ் மிகவும் இறங்கவிடாமல் தடுக்கும் லைப்போ பாதுகாப்பு விழித்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். எக்ஸ்எல்-5-ல் விளக்கு பச்சையாக எரிந்தால் பாதுகாப்பு உண்டு, சிவப்பாக எரிந்தால் இல்லை. சிவப்பு விளக்கோடு லைப்போவை ஓட்டினால் பேட்டரி வற்றிக் கெட்டுப்போகும்.

அதற்கும் மேலே வேண்டுமானால் பிரஷ்லெஸ், அதாவது பிரஷ் இல்லாத மோட்டார். இந்த வண்டிக்குப் பொருந்துவது 3500 கேவி வெலினியன் மோட்டாரும் விஎக்ஸ்எல்-3எஸ் கண்ட்ரோலரும். கேவி என்பது சுமை இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்ற எண். 2எஸ் லைப்போவின் 7.4 வோல்ட்டில் நிமிடத்துக்கு 25,900 சுற்று. நாம் கணக்கிட்ட 29 மி.மீ.யால் பெருக்கினால், காகிதத்தில் மணிக்கு சுமார் 45 கி.மீ. 3எஸ் போட்டால் 67 கி.மீ. உராய்விலும் காற்றிலும் போவது போக, நிஜத்தில் இதைவிடக் குறைவாகவே கிடைக்கும். பெரிய டயரோடு தொடங்குகிறவர்கள் 2எஸ்ஸிலேயே நில்லுங்கள் என்பது என் வேண்டுகோள். 3எஸ்ஸில் முழு ஆக்சிலரேட்டர் அழுத்தினால் வண்டி மல்லாந்து விழும், பிளாஸ்டிக் டிரைவ்ஷாஃப்ட் முறுக்கி உடையும். பின்னால், வண்டி மல்லாந்துவிடாமல் தாங்கும் வீலி பாரும் ஸ்டீல் டிரைவ்ஷாஃப்டும் மாட்டிய பிறகு 3எஸ் பக்கம் போகலாம்.

பிரஷ்லெஸ்ஸில் மூன்று ஒயர். சென்சார் இல்லாத மோட்டாராக இருந்து, சக்கரம் தலைகீழாகச் சுழன்றால் ஏதாவது இரண்டு ஒயரை இடம் மாற்றுங்கள். பிறகு ஸ்பீடு கண்ட்ரோலரை ரிமோட்டோடு புதிதாகக் கேலிபரேட் செய்ய வேண்டும்.

லைப்போவை, எல்லாச் செல்லையும் சமமாக ஏற்றும் பேலன்ஸ் சார்ஜரில் மட்டும், 1சி அளவில் ஏற்றுங்கள். 5000 எம்ஏஎச் பேட்டரி என்றால் 5 ஆம்பியர். சார்ஜ் ஏறும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். சில நாள் ஓட்டப் போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்துவிடுங்கள். உப்பிய பேட்டரியை இன்னொரு முறை ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைக்கவே வேண்டாம்.

படி 6: முதல் ஓட்டம்

நீளமான புல்லிலும் சேற்றிலும் முதல் ஓட்டத்தை வைத்துக்கொள்ளாதீர்கள். காய்ந்த மண் தரையில் 3 நிமிடம் ஓட்டி நிறுத்துங்கள். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை மோட்டாரின் உடம்புக்கு அருகில் பிடித்துப் பாருங்கள். பிறகு இன்னும் 3 நிமிடம், திரும்பவும் அளவு. சக்கர நட்டுகளைத் தொட்டுப் பாருங்கள், புதுச் சக்கரத்தில் முதல் ஓட்டத்திலேயே அவை தளரும்.

மோட்டார் 80 டிகிரி செல்சியஸை நெருங்கினால் ஆறவிட்டு, பினியனில் ஒரு பல் குறைத்து மாட்டுங்கள். முழு பேட்டரி தீரும்வரை 60-ஐத் தாண்டவே இல்லை என்றால் ஒரு பல் கூட்டலாம். கூட்டினாலும் குறைத்தாலும் திரும்பத் தாளைச் செருகி இடைவெளியைச் சரிபார்த்து, மறுபடி 3 நிமிடத்திலிருந்து தொடங்குங்கள். என் வண்டி 13-ல் தொடங்கி, இரண்டு மாலை வேளைகள் அளந்த பிறகு 14-ல் வந்து நின்றது.